கால்வாய் வெட்ட வந்தவர்கள் எந்த நாட்டுக்காரர்கள்? பனாமாவின் குடியேற்ற வரலாறு

2025 பிப்ரவரியில் அமெரிக்கா 299 பேரை விமானங்களில் ஏற்றிப் பனாமாவில் இறக்கியது. அவர்களில் ஒருவர்கூடப் பனாமா நாட்டவர் அல்லர். இந்தியா, இலங்கை, நேபாளம், ஈரான், ஆப்கானிஸ்தான், சீனா, உஸ்பெகிஸ்தான் என்று பல நாடுகளிலிருந்து புறப்பட்டு அமெரிக்க எல்லைவரை போய்ச் சேர்ந்தவர்கள். தலைநகரின் ஓட்டல் ஒன்றில் காவலில் வைக்கப்பட்ட அவர்களில் சிலர் ஜன்னல் கண்ணாடியில் உதவி கேட்டு எழுதிக் காட்டிய படங்கள் உலகம் முழுவதும் வெளியாயின. ஏறத்தாழ அதே நாட்களில், பனாமா கால்வாயை அமெரிக்கா திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அதிபர் டிரம்ப் பேசிக்கொண்டிருந்தார்.

இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படித்தவர்களுக்குக் குழப்பம் வந்ததில் வியப்பில்லை. சொந்த நாட்டுக்காரர் அல்லாதவர்களைப் பனாமா ஏன் வாங்கிக்கொள்கிறது? கால்வாயை வெட்டியது அமெரிக்கா என்றால், அதில் மண்வெட்டி பிடித்தவர்கள் யார்? சுமார் 40 லட்சம் பேர் மட்டுமே வாழும் அந்த நாட்டில் சீனக் கடைகளும் சிந்தி வணிகர்களும் யூத ஆலயங்களும் ஆங்கிலம் பேசும் கறுப்பினக் குடும்பங்களும் எப்படி வந்து சேர்ந்தன?

இவற்றுக்கு விடை ஒரே சரட்டில் கிடைக்கிறது. பனாமா என்ற இடத்துக்கு வெளியாட்களின் உழைப்பு எப்போதும் தேவைப்பட்டது. உழைத்தவர்களைத் தன் மக்கள் என்று எழுதிக்கொள்ளத்தான் யாருக்கும் மனம் வரவில்லை.

மூன்று சொற்கள்

செய்திகளில் 'குடியேறிகள்' என்ற ஒரே சொல்லால் எல்லோரையும் குறிப்பதுதான் குழப்பத்தின் முதல் காரணம். பனாமாவைப் பொறுத்தவரை மூன்று வகையினரைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. கடந்துபோகிறவர்கள். இவர்களுக்குப் பனாமா ஒரு வழி மட்டுமே. 1849-இல் கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடி ஓடிய அமெரிக்கர்களும் இந்த வகைதான். அண்மைக்காலத்தில் கொலம்பியா எல்லையை ஒட்டிய டேரியன் காட்டைக் கடந்தவர்களும் இந்த வகைதான்.

2. ஒப்பந்தத் தொழிலாளர்கள். குறிப்பிட்ட வேலைக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, திருப்பி அனுப்பிவிடுவோம் என்ற உறுதியுடன் கொண்டுவரப்பட்டவர்கள்.

3. குடியேறியவர்கள். தங்கி, குடும்பம் நடத்தி, பிள்ளைகளை அங்கேயே படிக்கவைத்தவர்கள்.

மூன்றாம் வகையினரில் பெரும்பாலோர் முதலில் இரண்டாம் வகையாக வந்தவர்கள். சிலர் முதல் வகையாகவும் வந்தவர்கள். வேலை முடிந்தது, கப்பல் வரவில்லை, அல்லது ஊரில் நிலம் இல்லை. அதனால் தங்கினார்கள்.

நிலப்படம் செய்த வேலை

இரண்டு பெரிய நிலப்பரப்புகளை இணைக்கும் ஒடுக்கமான நிலத்தைப் பூசந்தி என்பார்கள். வட, தென் அமெரிக்கக் கண்டங்களை இணைக்கும் பனாமா பூசந்தியின் மெலிந்த பகுதியில் அட்லாண்டிக் கடலுக்கும் பசிபிக் கடலுக்கும் நடுவே ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். இதனால் பனாமாவின் பிழைப்பு விளைச்சலைவிடப் போக்குவரத்தை நம்பியே வளர்ந்தது. ஸ்பெயின் ஆண்ட காலத்தில் பெரு நாட்டு வெள்ளி இந்த நிலத்தைக் கோவேறு கழுதைகளின் முதுகில் கடந்து, போர்ட்டோபெலோ துறைமுகத்தில் கப்பல் ஏறியது. சுமை ஏற்றி இறக்கவும் கழுதைகளை ஓட்டவும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகள் கொண்டுவரப்பட்டனர். அவர்களில் தப்பியோடியவர்கள் காட்டுக்குள் தனிக் குடியிருப்புகள் அமைத்தனர். 1550-களில் பயானோ என்ற தலைவரின் கீழ் ஸ்பானியப் படைகளை எதிர்த்து நின்றனர்.

இந்தப் பழைய ஆப்பிரிக்க வம்சாவளியினர் ஸ்பானிய மொழி பேசுபவர்கள், கத்தோலிக்கர்கள். பிற்காலத்தில் கரீபியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத்தவரோ ஆங்கிலம் அல்லது பிரெஞ்சுக் கிரியோல் பேசியவர்கள், பெரும்பாலும் ஆங்கிலிகன், மெதடிஸ்ட் சபைகளைச் சேர்ந்தவர்கள். வெளியே இருந்து பார்ப்பவருக்கு இருவரும் ஒன்றாகத் தெரியலாம். பனாமாவின் சட்டங்கள் இருவரையும் கவனமாகப் பிரித்தன. இந்த வேறுபாடு மனத்தில் இல்லாவிட்டால் 1941 அரசியல் சட்டத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

நிலப்படத்தின் இன்னொரு முனை டேரியன். அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்காவின் தென்கோடிவரை நீளும் பான்-அமெரிக்க நெடுஞ்சாலை, கொலம்பியா எல்லையை ஒட்டிய இந்தக் காட்டில் மட்டும் அறுந்து கிடக்கிறது. ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்குச் சாலையே இல்லை. 2023-இல் மட்டும் 5,20,000-க்கும் அதிகமானோர் இதை நடந்து கடந்தனர். பாதிக்கு மேல் வெனிசுலாக்காரர்கள். ஈக்வடார், ஹைட்டி, சீனா, இந்தியாவைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். பனாமா அரசு அவர்களைப் பஸ்களில் ஏற்றிக் கோஸ்டாரிகா எல்லையில் விட்டுவந்தது. 2024 ஜூலையில் பதவியேற்ற அதிபர் முலினோ, டேரியன் வழியை அடைப்பதாக வாக்களித்துத்தான் தேர்தலில் நின்றார். கால்வாய் விவகாரத்தில் அமெரிக்காவின் நெருக்கடி ஏறியபோது, அது அனுப்பும் பிற நாட்டவரைத் தற்காலிகமாக வாங்கிக்கொள்ளவும் சம்மதித்தார். அந்த 299 பேரின் கதைக்குப் பின்னால் இருப்பது இந்த ராஜதந்திரக் கணக்கு. குடியேற்ற வரலாற்றோடு அதற்கு நேரடித் தொடர்பு கொஞ்சம்தான். ஆனால் வெளியாட்களை வைத்துப் பேரம் பேசுவது பனாமாவுக்குப் புதிதல்ல.

தண்டவாளம் போட வந்தவர்கள் (1850–1855)

1848-இல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. நியூயார்க்கிலிருந்து அங்கே போக வண்டிப்பாதையில் பல மாதம், தென் அமெரிக்காவைச் சுற்றிக் கப்பலில் பல மாதம். பனாமாவரை கப்பலில் வந்து, பூசந்தியைக் கடந்து, மறுபக்கம் இன்னொரு கப்பல் பிடித்தால் சில வாரம். அதைப் பார்த்த நியூயார்க் முதலாளிகள் பூசந்தியின் குறுக்கே ரயில் பாதை போட்டார்கள். 1850-இல் தொடங்கி 1855 ஜனவரியில் முடிந்த அந்தப் பாதையின் நீளம் 76 கிலோமீட்டர்தான். சதுப்பு நிலம், மலேரியா, மஞ்சள் காய்ச்சல், காலரா எல்லாம் சேர்ந்து எத்தனை பேரைக் கொன்றன என்பதற்கு நம்பத்தகுந்த கணக்கே கிடையாது. வெள்ளையர் அல்லாதவர்களின் சாவைக் கம்பெனி முறையாகப் பதிவு செய்யவில்லை. உரிமை கோர ஆளில்லாத பிணங்களைப் பீப்பாய்களில் பதப்படுத்தி வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிகளுக்கு விற்றது மட்டும் நடந்தது.

ஜமைக்கா, அயர்லாந்து, கொலம்பியாவின் கார்த்தஹேனா ஆகிய இடங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். 1854 மார்ச் 30 அன்று 'சீ விட்ச்' என்ற கப்பலில் தெற்குச் சீனாவிலிருந்து 705 பேர் வந்திறங்கினர். சில வாரங்களிலேயே அவர்களிடையே காய்ச்சலும் மனச்சோர்வும் பரவின. அபின் வழங்கலும் நிறுத்தப்பட்டது. பெருந்தொகையானோர் தற்கொலை செய்துகொண்டனர். எஞ்சியிருந்த இருநூறு பேரளவில் ஜமைக்காவுக்கு அனுப்பப்பட்டு, அவர்களுக்கு ஈடாக ஜமைக்கா ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். ஆளுக்கு ஆள் மாற்று. இன்று மார்ச் 30-ஐப் பனாமா அரசு சீன வம்சாவளியினரின் தேசிய நாளாகக் கொண்டாடுகிறது. அந்த நாளில் இறங்கியவர்களில் பனாமாவில் வாழ்ந்து முடித்தவர்கள் மிகச் சொற்பம் என்பதை விழா உரைகளில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

ரயில் ஓடத் தொடங்கியதும் உள்ளூர்ப் படகுக்காரர்களும் கழுதை ஓட்டிகளும் பிழைப்பை இழந்தார்கள். 1856 ஏப்ரல் 15 அன்று பனாமா சிட்டியில் ஓர் அமெரிக்கப் பயணி ஒரு துண்டு தர்ப்பூசணியைத் தின்றுவிட்டுக் காசு கொடுக்க மறுத்தான். வாய்ச்சண்டை கலவரமாகி, பதினைந்து அமெரிக்கர்கள் இறந்தனர்; பிறகு அமெரிக்கப் படை வந்திறங்கியது. தர்ப்பூசணியின் விலை பத்து சென்ட். கோபத்தின் வயது ஐந்து ஆண்டு.

பிரெஞ்சுக்காரர்களின் எட்டு ஆண்டுகள்

சூயஸ் கால்வாயைக் கட்டிய பெர்டினாண்ட் டி லெசெப்ஸ் 1881-இல் பனாமாவிலும் தோண்டத் தொடங்கினார். 1889-இல் கம்பெனி திவாலானது. அதற்குள் ஏறத்தாழ 22,000 பேர் இறந்திருப்பார்கள் என்பது பரவலான மதிப்பீடு. தொழிலாளர்களில் மிகுதியானோர் ஜமைக்காக்காரர்கள். திவால் செய்தி வந்த அன்று கூலியும் இல்லை, ஊர் திரும்பக் கப்பலும் இல்லை. ஜமைக்காவின் காலனி அரசு தன் செலவில் ஆயிரக்கணக்கானோரை மீட்டது. அந்தச் சூடு ஆறாததால்தான், 1904-இல் அமெரிக்கா ஆள் கேட்டபோது ஜமைக்கா மறுத்தது. விருப்பப்பட்டவர்கள் வரி கட்டி, சொந்தச் செலவில் போகலாம் என்று மட்டும் விட்டுவைத்தது.

அமெரிக்கா அடுத்த கதவைத் தட்டியது. அது பார்படோஸ்.

தங்கப் பட்டியல், வெள்ளிப் பட்டியல்

1903 நவம்பர் 3 அன்று, அமெரிக்கப் போர்க்கப்பல்கள் காவல் நிற்க, பனாமா கொலம்பியாவிலிருந்து பிரிந்தது. பதினைந்து நாளில் கையெழுத்தான ஒப்பந்தம், கால்வாயின் இருபுறமும் சேர்த்துப் பத்து மைல் அகல நிலத்தை 'என்றென்றைக்கும்' அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. இதுதான் கால்வாய் மண்டலம். புதிய நாட்டின் நடுவயிற்றில், அந்த நாட்டுச் சட்டம் செல்லாத ஒரு துண்டு நிலம்.

1904 முதல் 1913 வரை அமெரிக்கக் கால்வாய் ஆணையம் ஒப்பந்தம் போட்டுக் கொண்டுவந்தவர்கள் 45,107 பேர். இவர்களில் பார்படோஸ் தீவிலிருந்து மட்டும் 19,900 பேர். ஸ்பெயினிலிருந்து 8,298 பேர். மார்டினிக், குவாதலூப் தீவுகளிலிருந்து ஏறத்தாழ 7,600 பேர். ஒப்பந்தம் இல்லாமல் தாங்களாகவே கப்பலேறி வந்த கரீபியர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை ஒன்றரை லட்சத்தைத் தாண்டும் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு.

பார்படோஸ் ஏன் இப்படித் திறந்துவிட்டது? அங்கே அடிமை முறை 1834-இல் சட்டப்படி ஒழிந்தாலும், நிலம் முழுவதும் கரும்புத் தோட்ட முதலாளிகளிடமே இருந்தது. விடுதலை பெற்றவர்கள் போய்க் காடு திருத்திப் பயிரிடத் தீவில் தரிசு கிடையாது. ஐரோப்பாவில் பீட்ரூட் சர்க்கரை பெருகி, கரும்புச் சர்க்கரை விலை சரிந்தபோது கூலியும் சரிந்தது. அந்த நிலையில், 500 வேலை நாள், மணிக்குப் பத்து சென்ட், முடிந்ததும் இலவசக் கப்பல் என்ற ஒப்பந்தம் இளைஞர்களுக்குப் பெரிய வாய்ப்பாகவே தெரிந்தது. ஊருக்கு அனுப்பப்பட்ட 'பனாமா பணம்' பார்படோஸில் ஏழைகள் முதன்முறையாகத் துண்டு நிலம் வாங்கவும் உதவியது. அடிமைகளைப் போல இழுத்து வரப்பட்டார்கள் என்று மட்டும் எழுதுவது, கணக்குப் போட்டு முடிவெடுத்த அந்த மனிதர்களுக்குச் செய்யும் அநீதி.

வந்து சேர்ந்த இடத்தில் இரண்டு சம்பளப் பட்டியல்கள் இருந்தன. அமெரிக்க வெள்ளையருக்கு டாலர் தங்க நாணயத்தில் சம்பளம். மற்றவர்களுக்கு உள்ளூர் வெள்ளி நாணயத்தில். கணக்கு வசதிக்கான ஏற்பாடு என்று தொடங்கிய இது, சில ஆண்டுகளில் இனப் பிரிவினையின் மறுபெயராக மாறியது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் 'வெள்ளையர்', 'கறுப்பர்' என்று எழுதிய பலகைகள் தொங்கின. கால்வாய் மண்டலத்தில் 'தங்கம்', 'வெள்ளி' என்று எழுதினார்கள். தபால் நிலையத்தில் தனி ஜன்னல், அங்காடியில் தனி வாசல், தனிக் குடிநீர்க் குழாய், தனிப் பள்ளி, தனி மருத்துவமனைப் பிரிவு. வெள்ளிப் பட்டியலின் சமையற்கூடங்களில் உட்கார நாற்காலிகூடக் கிடையாது. தட்டை வாங்கி வெளியே நின்று தின்ன வேண்டும். ஆளுக்கு ஒரு பித்தளை எண் வில்லை. மேற்பார்வையாளர்கள் பலருக்குப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும்.

ஸ்பெயினிலிருந்து வந்தவர்களும் வெள்ளிப் பட்டியலில்தான் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு மணிக்கு இருபது சென்ட். அதே மண், அதே மண்வெட்டி, இரட்டிப்புக் கூலி. இதிலிருந்தே பட்டியலின் உட்பொருள் விளங்கிவிடும்.

சாவிலும் இந்தப் பிரிவு தெரிந்தது. அமெரிக்கப் பத்தாண்டில் மருத்துவமனைப் பதிவுப்படி இறந்தவர்கள் 5,609 பேர். அவர்களில் ஏறத்தாழ 4,500 பேர் கறுப்பினத் தொழிலாளர்கள். டாக்டர் கோர்காஸ் தலைமையில் கொசுக்களை ஒழித்து மஞ்சள் காய்ச்சலை 1905-இன் இறுதிக்குள் விரட்டியது மருத்துவ வரலாற்றின் பெரிய வெற்றி. ஆனால் மஞ்சள் காய்ச்சல் அதிகமாகத் தாக்கியது வெளியிலிருந்து புதிதாக வந்த வெள்ளையரை. கரீபியர்களைக் கொன்றது நிமோனியா. நாளெல்லாம் மழையில் நனைந்து, மாற்றுத்துணி இல்லாமல் அதே ஈரத்தோடு நெருக்கடியான கொட்டகையில் படுத்தால் என்ன வருமோ அது. வெடிவிபத்துகள் வேறு: 1908 டிசம்பர் 12 அன்று பாஸ் ஒபிஸ்போ என்ற இடத்தில் டன் கணக்கில் வைத்த டைனமைட் நேரத்துக்கு முன்பே வெடித்து 23 பேர் இறந்தனர்.

1914 ஆகஸ்ட் 15 அன்று கால்வாய் திறந்தது. அதற்கு முன்பே ஆட்குறைப்பு தொடங்கிவிட்டது.

வேலை முடிந்த பிறகு

ஒப்பந்தப்படி ஊர் திரும்பியவர்கள் உண்டு. பனாமாவின் போகாஸ் டெல் டோரோவிலும் கோஸ்டாரிகாவிலும் இருந்த அமெரிக்க வாழைத் தோட்டங்களுக்கும் கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்கும் போனவர்கள் உண்டு. பல்லாயிரம் பேர் அங்கேயே தங்கினார்கள். கால்வாய் மண்டலத்துக்குள் இருந்த ஊர்களை 1912-இலிருந்து அமெரிக்கா காலி செய்திருந்ததால், அவர்கள் பனாமா சிட்டியின் கலிதோனியா, எல் சோரியோ பகுதிகளிலும் கொலோன் நகரிலும் மரக்கட்டட ஒண்டுக்குடித்தனங்களில் அடைந்தனர். வேலை மண்டலத்தில், வீடு பனாமாவில், குடியுரிமை எங்கோ ஒரு தீவில் பிரிட்டிஷ் முடியாட்சியின் கீழ்.

1920 பிப்ரவரியில் பார்படோஸைச் சேர்ந்த ஆசிரியர் வில்லியம் ஸ்டௌட் தலைமையில் வெள்ளிப் பட்டியல் தொழிலாளர்கள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தம் செய்தனர். கால்வாய் நிர்வாகம் மண்டலக் குடியிருப்புகளில் இருந்தவர்களை வெளியேற்றியது. பனாமா அரசு கூட்டம் கூடத் தடை விதித்தது. சில நாட்களில் போராட்டம் சிதைந்தது. இரண்டு அரசுகளும் ஒன்றோடொன்று ஓயாமல் சண்டையிட்ட காலம் அது. இந்த விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனார்கள்.

'தடைசெய்யப்பட்ட இனங்கள்'

இனிச் சட்டங்களுக்கு வருவோம். பனாமாவின் குடியேற்றச் சட்டங்கள் நான்கு படியாக இறுகின.

1. 1904: நாடு பிறந்து நான்கு மாதங்களில், சீனர், துருக்கியர், சிரியர் ஆகியோரின் குடியேற்றம் தடைசெய்யப்பட்டது. ஒட்டோமான் பேரரசின் கடவுச்சீட்டோடு வந்த லெபனான், பாலஸ்தீனக் கிறித்தவரும் முஸ்லிம்களும் யூதரும் 'துருக்கியர்' என்ற ஒரே பெயரில் அடங்கினர். தடைக்குப் பின்னால் இருந்தது பெரும்பாலும் உள்ளூர்க் கடைக்காரர்களின் போட்டிக் கவலை.

2. 1926: பட்டியல் நீண்டது. சீனர், ஜப்பானியர், சிரியர், துருக்கியர் ஆகியோருடன், கீழை இந்தியர், இந்திய-ஆரியர், திராவிடர், ஸ்பானியத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஆண்டில்ஸ் (கரீபியத் தீவுகள்) மற்றும் கயானா கறுப்பினத்தவர் ஆகியோரும் சேர்க்கப்பட்டனர். ஆம், திராவிடர் என்றே சட்டத்தில் இருக்கிறது. அக்காலத்து இனவியல் நூல்களின் வகைப்பாட்டை அப்படியே சட்ட வாசகத்தில் இறக்கியிருக்கிறார்கள் என்றுதான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. இந்தியாவிலிருந்து வரும் எவரும் ஏதோ ஒரு பெயரின் சந்தில் நுழைந்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கை அதில் தெரிகிறது.

3. 1928: தடைசெய்யப்பட்டோரின் பிள்ளைகள் பனாமாவிலேயே பிறந்தாலும் பிறப்பால் குடிமக்கள் ஆக மாட்டார்கள், 21 வயது நிரம்பிய பிறகே கோர முடியும் என்று அரசியல் சட்டம் திருத்தப்பட்டது.

4. 1941: அதிபர் அர்னுல்போ அரியாஸ் கொண்டுவந்த புதிய அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, ஸ்பானியத்தை மூலமொழியாகக் கொள்ளாத கறுப்பினம், மஞ்சள் இனம், இந்தியா, ஆசியா மைனர் (இன்றைய துருக்கிப் பகுதி), வட ஆப்பிரிக்கா ஆகியவற்றைச் சேர்ந்த இனங்கள் எல்லாவற்றின் குடியேற்றத்தையும் தடைசெய்தது.

நான்காவது படிதான் கொடுமையானது. காரணம், அது வரப்போகிறவர்களோடு நிற்காமல் ஏற்கெனவே வந்தவர்களின் பிள்ளைகளையும் தொட்டது. நாடு பிறந்த 1903-வரை பின்னோக்கிப் பாய்ந்து, தடைசெய்யப்பட்ட இனப் பெற்றோருக்குப் பிறந்தவர்களின் பனாமாக் குடியுரிமையைக் கேள்விக்குள்ளாக்கியது. முப்பத்தைந்து வயது ஆசிரியர், கொலோனிலேயே பிறந்து வளர்ந்தவர், ஒரே நாளில் அந்நியராகும் நிலை. பெற்றோரின் தீவோ அவர் கண்ணால் காணாதது. சில்லறை வணிகமும் பனாமா நாட்டவருக்கே என்று ஆனதால், சீனக் கடைக்காரர்கள் கடைகளை அடிமாட்டு விலைக்கு விற்றார்கள் அல்லது பனாமாவில் பிறந்த மனைவியின் பெயருக்கு மாற்றினார்கள்.

அரியாஸ் 1941 அக்டோபரில் பதவி நீக்கப்பட்டார். ஆனால் சட்டத்தின் இனப் பிரிவுகள் உடனே போகவில்லை. 1946-இல் வந்த புதிய அரசியல் சட்டம்தான் அவற்றை அகற்றியது.

வெறுப்பு எங்கிருந்து வந்தது?

இதை வெறும் நிறவெறி என்று முடித்துவிடலாம். நிறவெறி இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் அதே சட்டம் ஸ்பானியம் பேசும் கறுப்பினத்தவரைத் தொடவில்லையே, ஏன்?

பனாமாவின் தேசியவாதம் கால்வாய் மண்டலத்துக்கு எதிராக வளர்ந்தது. நாட்டின் நடுவே அமெரிக்கக் கொடி, அமெரிக்கப் போலீஸ், ஆங்கிலப் பலகைகள். அமெரிக்காவை நேரடியாக எதிர்க்க வலு இல்லாத நாட்டில், ஆங்கிலம் பேசிக்கொண்டு தினமும் மண்டலத்துக்கு வேலைக்குப் போய் வந்த கரீபியர்கள் அமெரிக்காவின் நிழலாகத் தெரிந்தார்கள். அந்த நிழலை அடிக்க முடிந்தது. 1923-இல் தோன்றிய ‘அக்சியோன் கொமுனால்’ என்ற அமைப்பு இந்த உணர்வுக்கு அரசியல் வடிவம் கொடுத்தது. அரியாஸ் சகோதரர்கள் அதன் வழியே வந்தவர்கள்தான்.

அமெரிக்க நிர்வாகமோ அந்தக் கரீபியர்களை இரண்டாந்தரமாக நடத்தியதோடு, பனாமாக்காரர்களுக்கு எதிரான பேரத்தில் மலிவான மாற்று ஆட்களாகவும் வைத்துக்கொண்டது. தங்கப் பட்டியலில் பனாமா நாட்டவரும் இடம்பெறலாம் என்ற ஆணை 1908-இலேயே இருந்தது; நடைமுறையில் உயர் பதவிகள் அமெரிக்கர்களிடமே தங்கின, கீழ்நிலை வேலைகளுக்கோ தீவுக்காரர் வரிசையில் நின்றார்கள். உள்ளூர் இளைஞனின் கோபம் எந்தப் பக்கம் திரும்பும் என்பதைச் சம்பளப் புத்தகமே தீர்மானித்துவிட்டது. பிரிட்டனைப் பொறுத்தவரை இவர்கள் தூரத்துக் குடிபடைகள். தூதரகத்தில் பதிவு செய்ததைத் தாண்டி அதிகம் நடக்கவில்லை.

சொந்தமாக எழுந்து நின்றவர்கள்

மூன்று அரசுகளும் கைவிட்ட நிலையில் கரீபிய வம்சாவளியினர் தங்களுக்கென்று பள்ளிகள், தேவாலயங்கள், ஈமச்சடங்குச் சங்கங்கள் நடத்தினர். ஜமைக்காவைச் சேர்ந்த சிட்னி யங் 1928-இல் 'பனாமா டிரிபியூன்' என்ற ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கினார். அதன் ஆசிரியர்களில் ஒருவரான ஜார்ஜ் வெஸ்டர்மேன், ஸ்பானியம் கற்பதும் பனாமாக் குடிமக்களாக வாதாடுவதுமே வழி என்று எழுதிவந்தார், பிற்காலத்தில் ஐ.நா.வில் பனாமாவின் தூதராகவும் அமர்ந்தார்.

1914-இல் கால்வாய் மண்டலத்தில் ஜமைக்கப் பெற்றோருக்குப் பிறந்த கென்னத் கிளார்க் சிறுவயதில் தாயுடன் நியூயார்க் போய், உளவியலாளர் ஆனார். கறுப்பினக் குழந்தைகள் பொம்மைகளைத் தேர்ந்தெடுக்கும் விதம் பற்றி அவரும் மனைவி மேமியும் செய்த ஆய்வு, பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-இல் அளித்த தீர்ப்பில் மேற்கோளாக இடம்பெற்றது. அதே 1954-இல் கால்வாய் மண்டல நிர்வாகம் கறுப்பினப் பள்ளிகளை 'லத்தீன் அமெரிக்கப் பள்ளிகள்' என்று பெயர் மாற்றி, பாடமொழியை ஆங்கிலத்திலிருந்து ஸ்பானியத்துக்கு மாற்றியது. இனத்தால் பிரித்ததை மொழியால் பிரித்ததாக ஆக்கிக்கொண்டார்கள். மண்டலத்தின் கெட்டிக்காரத்தனத்துக்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டாம்.

1955 ஒப்பந்தத்தில் பனாமா அரசு அமெரிக்காவிடம் பல சலுகைகளைப் பெற்றது. மண்டலத்துக்கு வெளியே வசித்த தொழிலாளர்கள் மண்டல அங்காடிகளில் மலிவு விலையில் வாங்கும் உரிமை அதில் பறிபோனது. பனாமாவுக்கு வருமான வரியும் கட்ட வேண்டியதாயிற்று. நாட்டுக்குக் கிடைத்த வெற்றி, கரீபியக் குடும்பங்களின் மாதச் செலவில் துண்டு விழ வைத்தது. அந்தக் காலத்திலிருந்து நியூயார்க்கின் புரூக்ளின் நோக்கிப் பெரும் இடப்பெயர்வு நடந்தது. கால்வாய் மண்டலம் 1979-இல் கலைக்கப்பட்டபோது, நீண்டகால ஊழியர்களுக்கு அமெரிக்கா சிறப்புக் குடியேற்ற அனுமதியும் அளித்தது. இன்று பனாமாவில் எஞ்சியவர்கள் ஸ்பானியமே முதன்மையாகப் பேசுகிறார்கள். மே 30 அரசு அறிவித்த கறுப்பின நாள். கலிதோனியாவில் பழைய தேவாலயம் ஒன்று ஆண்டில்ஸ் மக்களின் அருங்காட்சியகமாக இருக்கிறது.

கடைக்காரர்கள் கதை வேறு

கால்வாய்க்கு மண் வெட்டாமல், கால்வாயில் போகிற கப்பல்களை நம்பி வந்த சமூகங்களும் உண்டு. குராசோ, செயின்ட் தாமஸ் தீவுகளிலிருந்து வந்த செபார்டிக் யூதர்கள் (ஸ்பெயின், போர்ச்சுகல் வழிவந்த யூதர்கள்) 1876-இல் தங்கள் சபையை நிறுவினர். பின்னர் சிரியாவின் அலெப்போவிலிருந்து வந்த யூதர்கள் 1933-இல் தனிச் சபை தொடங்கினர். யூத வம்சத்தைச் சேர்ந்த இருவர் பனாமாவின் அதிபர் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்கள்: 1967-இல் சில நாட்கள் மாக்ஸ் டெல்வாயே, 1985 முதல் 1988 வரை எரிக் ஆர்துரோ டெல்வாயே.

இந்தியர்களில் முன்னோடிகள் சிந்து மாகாணத்தின் ஹைதராபாத் வணிகர்கள். ஜப்பானின் கோபே முதல் எகிப்தின் கெய்ரோ வரை பல நகரங்களில் பட்டும் கைவினைப் பொருள்களும் விற்ற அவர்களின் கிளைகள், கால்வாயை ஒட்டிக் கொலோனுக்கும் பனாமா சிட்டிக்கும் வந்தன. 1947 பிரிவினையில் சிந்து பாகிஸ்தானுக்குப் போனபோது, கிளைக்கடை இருந்த ஊரே சொந்த ஊரானது. 1948-இல் கொலோனில் சுங்கவரியற்ற வணிக மண்டலம் அமைந்ததும் அவர்களுக்குக் கைகொடுத்தது. பிறகு குஜராத்திகளும் வந்தார்கள்.

சீனர்களின் வழி இன்னும் மெதுவானது. ரயில் பாதையின் துயரத்துக்குப் பிறகும் பிரெஞ்சுக் காலத்திலும் சிறு சிறு குழுக்களாக வந்து, தெருமுனைக் கடை, சலவைக்கடை, காய்கறித் தோட்டம் என்று காலூன்றினார்கள். பெரும்பாலோர் குவாங்டொங் மாகாணத்தினர். 1904 தடையையும் 1941 பறிப்பையும் தாண்டினார்கள். 1980-களில் இன்னொரு பெரிய அலையும் சேர்ந்தது. மூலைக் கடையைப் பனாமாக்காரர்கள் 'சீனன் கடை' என்றே சொல்கிறார்கள், உரிமையாளர் யாராக இருந்தாலும்.

1941-இல் வந்த சில்லறை வணிகக் கட்டுப்பாடு முழுவதுமாக மறையவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இன்றைய அரசியல் சட்டத்தின் 293-ஆம் பிரிவு, சில்லறை வணிகத்தைப் பிறப்பால் பனாமாக்காரர்களுக்கும் குறிப்பிட்ட நிபந்தனைகளை நிறைவு செய்த குடியுரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே அனுமதிக்கிறது. இனத்தின் பெயர் இப்போது அதில் இல்லை. அதன் கீழ் உரிமம் எடுத்துக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்களில் ஏராளமானோர், 1941-இல் கடையை விற்கச் சொன்ன அதே சமூகத்தின் பேரப்பிள்ளைகள். பனாமாவில் பிறந்தவர்கள் என்பதால் சட்டம் அவர்கள் பக்கம் இருக்கிறது.